ஆரணிப் பட்டு எங்கே கிடைக்கும்? ஏ.ஐ-க்கு எங்க அப்பாவின் தறி தெரியவில்லை!

கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து சீட் அக்கா, "தங்கச்சி கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு எடுக்கணும். நெய்யுறவங்க வீட்டுலயே வாங்கினா நல்லாருக்கும்" என்றபடி செல்போனை எடுத்தார். என்னிடம் கேட்கவில்லை. ஏ.ஐ-யிடம் கேட்டார்.

நான்கு கடைகளின் பெயர் வந்தது. மூன்று காஞ்சிபுரத்தில், ஒன்று சென்னை தி.நகரில். ஆரணியில் ஒன்றுகூட இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில். எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டுத்தான் விடியும். அப்பா 30 வருடங்களாகப் பட்டு நெய்கிறார். அதில் பெரும்பகுதி கூலிக்கு. நான்கு வருடங்களாகத்தான் சொந்தமாகப் பாவு போட்டு, நெய்ததை நேரடியாக விற்கிறார். விளம்பரம் என்றால் அவருக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். காலையில் ஒரு சேலைப் படம் வைப்பார். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும்.

அன்று ராத்திரி போனில் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு எங்கம்மா நம்ம வீடு தெரியப்போவுது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் கூகுளில் தேடினால் பத்து லிங்க் வரும். முதல் பக்கத்தில் இடம்பிடிக்க எஸ்.இ.ஓ என்று ஒரு தொழிலே நடந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏ.ஐ ஓவர்வியூ இந்தியாவுக்கு வந்தது. இப்போது பலர் லிங்க்கைத் தொடுவதே இல்லை. மேலே வரும் நாலு வரிப் பதிலோடு முடிந்துவிடுகிறது. அந்த நாலு வரிக்குள் நம் பெயரைக் கொண்டுவருவதாகச் சொல்லும் மார்க்கெட்டிங் ஏஜென்சிகள் நிறைய முளைத்திருக்கின்றன. இந்த வேலைக்கு ஜி.இ.ஓ என்று பெயர்.

அப்படி ஒரு ஏஜென்சியிடம் பேசினேன். மாதம் 20 ஆயிரம் ரூபாய், குறைந்தது ஆறு மாதம். "கேரன்டி மேடம்" என்றார் எதிரில் இருந்த பையன். 'டாப் 10 பட்டுக் கடைகள்' என்று அவர்களே சில பக்கங்கள் எழுதி அப்பா பெயரைச் சேர்ப்பார்களாம். ரிவ்யூவும் அவர்களே போட்டுவிடுவார்களாம். கடைசியாக, "ஆரணின்னு தேடுறவங்க கம்மி. காஞ்சிபுரம் பட்டுன்னே போட்டுக்கலாம்" என்றார்.

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் நெய்ஞ்ச சேலைங்க எத்தினியோ கடைக்குப் போயி காஞ்சிபுரம் ஆயிருக்கு. கூலி வாங்கிட்டேன், கேக்க முடியல. இப்ப நானே என் வாயால அப்படிச் சொல்லணுமா?"

அதற்கு மேல் நான் அந்த ஏஜென்சிக்குப் பேசவில்லை.

ரிப்போர்ட்டர் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு இரண்டுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குப் போட்டு விற்பது, 1999-ம் வருடச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். அந்தப் பையன் சாதாரணமாகச் சொன்ன யோசனை இதுதான்!

அடுத்து, இந்த ஜி.இ.ஓ உண்மையில் வேலை செய்யுமா என்று பார்த்தேன். அந்தப் பெயரிலேயே 2023 நவம்பரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் எழுதியது. 10 ஆயிரம் கேள்விகளை வைத்து, ஒன்பது வழிகளைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய எஸ்.இ.ஓ தந்திரம் அதில் எடுபடவில்லை. ஆதாரம், சம்பந்தப்பட்டவரின் நேரடி வார்த்தைகள், எண்ணிக்கையோடு கூடிய தகவல் ஆகியவற்றைச் சேர்த்த பக்கங்கள் ஏ.ஐ பதிலில் இடம்பெறுவது 40 சதவிகிதம் வரை கூடியிருக்கிறது.

இதே துறையில் வேலை பார்க்கும் என் காலேஜ் சீனியர் ஒருவரிடம் கேட்டேன். "ஏ.ஐ தானா போய் எந்தத் தெருவையும் பாக்காது. எங்கயோ யாரோ எழுதி வெச்சதைப் படிச்சுத்தான் சொல்லும். உங்க அப்பாவைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வரிகூட எழுதல. கிளையன்ட் வாயில இருக்கறதை எழுத்துல கொண்டு வர்றதுதான் எங்க வேலையிலயே உருப்படியான வேலை. அதை நீயே செய்யலாமே?" என்றார்.

சுருக்கென்றது. ஊரில் யார் யாரையோ பேட்டி எடுக்கிறேன். அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தறிக்குப் பக்கத்தில் நோட்டுடன் உட்கார்ந்தேன். ஒரு பாவில் எத்தனை சேலை? ஒரு சேலைக்கு எத்தனை நாள்? என்ன ஜரிகை? அசல் பட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திக் காட்டினார். முடி கருகும் வாசனை வந்தது. விரலால் தொட்டதும் சாம்பல் பொடிந்தது. "இதான் பட்டு. உருகிக் கட்டியானா அது வேற நூலு."

அப்பா சொன்னதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வி-பதிலாக எழுதி ஒரு சின்ன வெப்சைட் போட்டோம். கூகுள் மேப்பில் வீட்டைப் பதிவு செய்தோம். எல்லா இடத்திலும் பெயர், முகவரி, போன் நம்பர் ஒரே மாதிரி இருக்கும்படிப் பார்த்துக்கொண்டோம். விலைகளைப் படத்துக்குள் எழுதாமல் எழுத்தாகவே போட்டோம். சேலை வாங்கியவர்களிடம், "உண்மையா எப்படி இருக்குன்னு ரிவ்யூ போடுங்க" என்று மட்டும் கேட்டோம். 'சில்க் மார்க் உண்டா?' என்ற கேள்விக்கு, 'இன்னும் வாங்கவில்லை' என்றே எழுதச் சொன்னார் அப்பா.

பெரிய வியாபாரம் செய்பவர்களுக்கு இதையெல்லாம் செய்ய ஏஜென்சி தேவைப்படலாம். தவறில்லை. ஆனால், பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

கேரன்டி தருகிறார்களா? தந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே கேள்விக்கு ஏ.ஐ இன்று ஒரு பதில் சொல்லும், நாளை வேறு சொல்லும்.

ரிவ்யூ யார் எழுதுவார்கள்? வாடிக்கையாளர் என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கடைக்கு, பட்டறைக்கு நேரில் வந்து கேட்டு எழுதுவார்களா? வராமலே எழுதுபவர்கள், எல்லோருக்கும் எழுதுவதையே உங்களுக்கும் எழுதுவார்கள்.

மூன்று மாதம் கழித்து, அதே அக்காவின் போனில் அதே கேள்வியைப் போட்டோம். அதே காஞ்சிபுரம் கடைகள் வந்தன. கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'ஆரணிக்கு அருகிலுள்ள முள்ளிப்பட்டில் நெசவாளர்கள் வீட்டிலிருந்தே நேரடியாக விற்கிறார்கள்.' அப்பா பெயர் இல்லை. எங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் சொன்னதா என்றும் தெரியவில்லை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"பேரு வரலன்னா போவுது. ஊரு வந்துருக்குல்ல?"

அன்று அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலைப் படம் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இருந்தது.