வாட்டர்லூ வீட்டு வாசலில்

அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகுதூரம். அந்த ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேரும் 1942 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தார்கள். ஐவரையும் ஒரே கப்பலில் போட வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பாசம்தான், வேறென்ன?

நவம்பர் 13. குவாடல்கனால் தீவருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பாய்ந்து அவர்கள் இருந்த ஜூனோ கப்பல் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்தவர்கள் நூறு பேருக்கு மேல். மீட்புக்கு நாள்கணக்கில் யாரும் வரவில்லை. கடைசியில் உயிரோடு கிடைத்தது பத்தே பேர்; சகோதரர்களில் ஒருவரும் இல்லை. மூத்தவன் ஜார்ஜ் சில நாள் மிதவையில் தாக்குப்பிடித்தான். தம்பிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். அவர்கள் கதையைப் படித்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

1943 ஜனவரியில் ஒரு காலை. அப்பா தாமஸ் ரயில்வே ஊழியர், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் கடற்படைச் சீருடைகள். சேதியைக் கேட்ட பிறகும் அன்று அவர் வேலைக்குப் போனார். கல்நெஞ்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பது?

கடைக்குட்டி ஆல்பர்ட்டின் மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.