மலாக்காவுக்குப் போகுமுன்

வருகிற கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் மலாக்கா யாத்திரை என்று தீர்மானமாகியிருக்கிறது. சரித்திரம் கற்பிப்பது என் தொழில். ஆகையால் பிரயாணச் சீட்டு வாங்குவதற்கு முன்பே ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். படித்ததில் பயன்படக்கூடியவற்றை, இதே உத்தேசமுள்ள பிற குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

"மலேசியாவுக்குப் போகிறவர்கள் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் ஏன் இந்தப் பழைய துறைமுகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். உயரமான கட்டடங்கள் இப்போது எல்லாத் தேசங்களிலும் இருக்கின்றன. ஆனால் பல ஜாதி ஜனங்கள், பல மதத்தினர், அறுநூறு வருஷங்களாக ஒரே ஊரில் கலந்து வாழ்ந்து, அந்தக் கலப்பிலிருந்தே புதிய சமூகங்கள் பிறந்த இடம் எத்தனை இருக்கிறது?

சுமார் கி.பி. 1400-ல் பரமேசுவரன் என்னும் இளவரசன் இந்த ஊரை ஸ்தாபித்தான். அவன் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, துரத்தி வந்த வேட்டை நாயை ஒரு சின்னஞ்சிறு சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியதாம். அதன் தைரியத்தைக் கண்டு வியந்து, அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தான் என்பது கதை. அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் நெல்லி மரந்தான்! 'ஆமலகம்' என்ற வடமொழிப் பெயரே அங்கே 'மலாக்கா' ஆயிற்று என்பார்கள்.

கதை எப்படியிருந்தாலும், ஊரை வளர்த்தது காற்று. ஒரு பருவக்காற்று இந்தியாவிலிருந்து கப்பல்களைக் கொண்டு வரும். எதிர்ப் பருவக்காற்று சீனாவிலிருந்து கொண்டு வரும். வந்தவர்கள் காற்று மாறும் வரையில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் கிடங்கு கட்டினார்கள். பிறகு வீடு கட்டினார்கள். பிறகு அவ்வூர்ப் பெண்களை மணந்து குடும்பஸ்தர்களானார்கள். இந்த வியாபாரிகளைக் கவனிப்பதற்கென்றே சுல்தான்கள் நான்கு துறைமுக அதிகாரிகளை நியமித்திருந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் 84 பாஷைகள் ஒலித்ததாகப் போர்ச்சுகீசியரான தோமே பிரேஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் அதை எழுதிய காலத்தில் சுல்தானின் ஆட்சி போய்விட்டது. 1511-ல் போர்ச்சுகீசியர் ஊரைப் பிடித்து, மசூதியின் கற்களையும் அரச சமாதிகளின் கற்களையும் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள். 1641-ல் டச்சுக்காரர் வந்தனர். 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இடையில் 1807-ல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையைத் தகர்த்தார்கள். எஞ்சி நிற்பது ஒரு வாசல் மட்டுமே. அந்த வாசலுக்கு எதிரேயுள்ள மைதானத்தில்தான், 1956 பிப்ரவரி 20-ந் தேதி, துங்கு அப்துல் ரகுமான் சுதந்திர தினத்தின் தேதியை மக்களுக்கு அறிவித்தார். அடுத்த வருஷம் ஆகஸ்டு 31-ல் தேசம் விடுதலை பெற்றது. கலப்பு என்றால் எப்போதும் கல்யாண ஊர்வலம் என்று எண்ணிவிடக் கூடாது. பலாத்காரமும் அதில் கலந்திருக்கிறது. குழந்தைகளுக்கு அந்த வாசலைக் காட்டும்போது இதையும் சொல்ல உத்தேசம்.

முதல் நாள்

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். அந்நகரின் தெற்குப் பஸ் நிலையத்திலிருந்து மலாக்காவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரயிலை நம்ப வேண்டாம். அருகிலுள்ள ஸ்டேஷன் ஊருக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. பஸ் நிலையமும் பழைய ஊருக்குச் சற்று எட்டத்தில் இருப்பதால், மூட்டை முடிச்சுகளுடன் டாக்ஸி வைத்துக்கொள்வதே நலம். வருஷம் முழுவதும் வெயிலும் மழையும் உள்ள ஊர். குடை இரண்டுக்கும் உதவும்.

காலை வெயில் ஏறுமுன் குன்றின் மேலுள்ள செயிண்ட் பால் தேவாலயத்துக்குப் போய்விட வேண்டும். கூரையில்லாத சுவர்களே அங்கே மிஞ்சியிருக்கின்றன. நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சேவியரின் உடல், 1553-ல் கோவாவுக்குக் கொண்டு போகப்படும் முன் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. குன்றின் அடிவாரத்தில் டச்சுக்காரரின் சிவப்புக் கட்டடங்களும் 1753-ல் எழுந்த கிறிஸ்து ஆலயமும் இருக்கின்றன.

பிறகு ஆற்றைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்குப் போகலாம். மலாய் மொழியில் 'ஜாலான் துக்காங் எமாஸ்' என்று பெயர். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது; 1781-ல் டச்சு அரசாங்கம் அளித்த மனையில் எழுந்தது. சில அடிகள் நடந்தால் 1748-ல் இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் ஸ்தாபித்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் கூரை ஜாவா நாட்டுப் பாணியில் மூன்று அடுக்கு. ஸ்தூபியோ சீனத்துப் பகோடாவைப் போன்றது! இன்னும் சிறிது தூரத்தில், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபாடு நடந்து வரும் செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயில். 'கிளிங்' என்பது இந்தியரைக் குறித்த பழைய பெயர். இன்று அது ஏளனச் சொல்லாகிவிட்டது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் சரித்திரமாக நிற்கிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைவ உணவுக்காரர்கள் கறிகாய்ப் பண்டங்களைக்கூட விசாரித்தே வாங்க வேண்டும். இறாலை உலர்த்தி அரைத்த 'பெலாச்சான்' என்ற விழுது பல பதார்த்தங்களில் சேரும். தென்னை வெல்லம் ஊற்றிய 'செண்டோல்' என்ற குளிர்ந்த பானம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். கடைக்கு அங்கே 'கெடாய்', கப்பலுக்குக் 'கப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி'. இந்தச் சொற்களைக் கேட்கும்போது அவர்களுக்கு இன்னும் குஷியாயிருக்கும்.

இரண்டாம் நாள்

இந்த நாளுக்காகவே பிரயாணம் என்று சொல்லலாம். காஜா பெராங் என்ற பகுதியில் 'கம்போங் செட்டி' என்னும் கிராமம் இருக்கிறது. நம் நகரத்தார் செட்டியார்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சுல்தான்கள் காலத்தில் வந்து அவ்வூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் சந்ததியார் இவர்கள். பிள்ளை, படையாச்சி என்ற பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வழிபடுவது மாரியம்மனை, அவள் திருவிழாவுக்கு 'டத்தோ சாச்சார்' என்று மலாய்ப் பெயர். 'சாச்சார்' என்றால் அம்மை! பொங்கலுக்கு முன்தினம் போகியன்று முன்னோர்களுக்குப் படையல் வைக்கிறார்கள்.

இதைச் சொன்னதும், "தமிழே பேசத் தெரியாதவர்களை எப்படியப்பா தமிழர் என்பது?" என்று என் பெண் கேட்டாள். பாஷைப் பற்று மிகுந்த நம் வீடுகளில் எழக்கூடிய கேள்விதான் இது. நான் நெடுநேரம் யோசித்தேன். கடல் கடந்து போனவர்கள் தகப்பன்மார்கள். அவர்கள் தெய்வத்தையும் பண்டிகையையும் பெயரையும் கொடுத்தார்கள். தொட்டிலாட்டியவள் மலாய் மண்ணின் மகள். அவள் தன் பாஷையில் தாலாட்டினாள். தாய்மொழி என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல் அங்கே அட்சரம் பிசகாமல் உண்மையாயிற்று. இதில் யாரைக் குறை சொல்வது? இத்தனை நூற்றாண்டுகளாகத் தமிழின்றியே பொங்கலைக் காப்பாற்றியவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. தமிழ் பேசிக்கொண்டே போகிப் படையலை மறந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

ஆகவே அந்தக் கிராமத்துக்கு, "ஐயோ, தமிழை இழந்துவிட்டீர்களே!" என்று துக்கம் விசாரிக்கப் போக வேண்டாம். "எல்லாம் எங்களிடமிருந்து வந்ததுதான்" என்று பெருமை பேசவும் போக வேண்டாம். வாசலில் நின்று அனுமதி கேட்டு, கோயிலில் கும்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தால் போதும். படம் பிடிப்பதும் அவர்கள் சம்மதித்த பிறகே.

மாலையில் உஜோங் பாசிர் கடற்கரையிலுள்ள போர்ச்சுகீசியக் குடியிருப்பு. பழைய போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பிறந்த 'கிறிஸ்தாங்' என்ற பாஷையைப் பேசுகிறவர்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள். அதுவும் தேய்ந்து வருகிறது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் அவர்களுடைய மீன்பிடித் தொழிலும் சுருங்கிவிட்டது.

2008-ல் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டன. கட்டடங்களைச் சட்டம் காப்பாற்றும். சுண்ணாம்பும் சிவப்புச் சாயமும் பூசினால் அவை நிற்கும். பாஷையும் படையலும் அப்படியல்ல; ஒரு தலைமுறை கைவிட்டால் போயிற்று. ஆகையால் நேயர்கள் மலாக்காவுக்கு இரண்டு நாள் ஒதுக்கும்போது, ஒரு நாளைக் கற்களுக்குக் கொடுங்கள். மறுநாளை மனிதர்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.