எழுத்துத் திகதியும் நிரந்தர வதிவிடமும்

திருமணத்தின் வழியே வெளிநாடு போகிறவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தவணை வைத்த வதிவிடம்தான். ஐக்கிய அமெரிக்கா 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த முறையைக் கொண்டுவந்தது. நாட்டுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாவிட்டால் இரண்டாண்டு அட்டையே கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். அவுஸ்திரேலியா பொதுவாக முதலில் தற்காலிக விசாவைக் கொடுத்து, விண்ணப்பித்து இரண்டு ஆண்டு சென்றபின் உறவை மறுபடி ஆராய்கிறது. பிரித்தானியாவில் இரண்டு ஆண்டாக இருந்த தவணை 2012 ஜூலை 9 முதல் ஐந்தாயிற்று. கனடா 2012 ஒக்டோபரில் புதுத் தம்பதியருக்கு இரண்டாண்டு நிபந்தனை வைத்தது. 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டது. எடுத்த செய்தி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. மகளை அனுப்பும் பெற்றோர் "ரெண்டு வருசம் சேர்ந்திருக்க வேணுமாமே" என்று இன்னமும் கேட்கிறார்கள்.

இரண்டாம் முறை கேள்வி கேட்கப்படுவது அந்தந்த நாட்டில். அங்கே விரித்து வைக்கப்படும் தாள்களில் பாதி கொழும்பில் எழுதப்பட்டவை. வெள்ளவத்தையில் காலி வீதியிலும் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையிலும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், நொத்தாரிசு, சமாதான நீதவான் என்ற பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்று ஆகியவை தமிழிலிருந்தோ சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்துக்குப் போவது இந்த மேசைகளில்தான். மொழிபெயர்ப்பு தொழிலின் சுலபமான பாகம். இன்று முத்திரை குத்தும் தாளை இரண்டு ஆண்டுக்குப் பின் அறிமுகமில்லாத ஓர் அதிகாரி, வேறு தாள்களோடு பக்கத்தில் வைத்துப் படிப்பார் என்று எண்ணி வேலை செய்வதுதான் கடினம்.

முதற் சிக்கல் திகதி. யாழ்ப்பாணத்தார் "எழுத்து" என்று சொல்லும் விவாகப் பதிவு ஒரு நாள் நடக்கும். தாலிகட்டு மாதக்கணக்கில் பிந்தும். மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வந்து பதிவை முடித்துக்கொண்டு ஸ்பொன்சர் வேலையைத் தொடங்கப் போய்விடுவார். மண்டபம், நாள், நட்சத்திரம் எல்லாம் பிறகு. சட்டத்துக்கு அவர்கள் அன்றே கணவன் மனைவி. வீட்டாருக்குத் தாலி ஏறும்வரை அவள் கன்னிப்பெண். இடைக்காலத்தில் கிராம உத்தியோகத்தர் சான்றிலோ வேலைக்கான படிவத்திலோ "திருமணமாகாதவர்" என்று எழுதிவிடுவது வெகு இயல்பு. அதிகாரியின் கண்ணில் அது முரண்பாடு. பதிவாகியும் ஒரே வீட்டில் இருக்கவில்லை என்பது அடுத்த முரண்பாடு. இரண்டுக்கும் உண்மையான பதில் உண்டு. அதை முதல் விண்ணப்பத்திலேயே, கேட்கும் முன், அரைப் பக்கக் கடிதமாக எழுதி வைப்பதே நல்லது. இரண்டாம் விண்ணப்பத்தில் முதன்முறையாகச் சொல்லும் விளக்கம் எவ்வளவு நேர்மையானதானாலும் பிறகு கட்டிய கதை போலவே தோன்றும்.

எழுத்துத் திகதிக்கு வேறொரு பலமும் உண்டு. அமெரிக்காவுக்குப் போகிறவரின் விசா தாமதமாகி, இறங்கும் நாளில் பதிவுக்கு இரண்டு ஆண்டு நிறைந்துவிட்டால் நிபந்தனையே விழாது. தாமதத்தால் நன்மை விளையும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று. எதிர்ப்பக்கத்தில், பதிவை ஒத்திவைத்து, வருங்கால மணமகளுக்கான விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஊரைக் கூட்டித் தாலியும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் வழக்கப்படி சடங்கோடு நடந்த திருமணம் பதிவில்லாமலும் செல்லுபடியாகக்கூடியது. அந்தத் தாலிகட்டின் அல்பம் அதிகாரியிடம் போனால் விண்ணப்பதாரி மணமகளாகப் போகிறவரா, ஏற்கனவே மனைவியா என்ற கேள்வி எழும்.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தத் தொல்லை குறைவு. புனித லூசியாள் பேராலயம் போன்ற தேவாலயத்தில் பூசையும் பதிவும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர் வைத்துப் பழகாதவர்களின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் அந்த இடத்தில் ஏறுகிறது. மனைவி கணவனின் பெயரைச் சேர்த்துக்கொள்வாள். கணவனின் குடும்பப் பெயராக அங்கே பதிவாகியிருப்பதோ மாமனாரின் பெயர். ஆக மனைவி ஒரு பெயர், கணவன் ஒரு பெயர், பிறக்கும் பிள்ளை இன்னொரு பெயர் என்றாகிறது. இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு: தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதிய சான்றிதழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அது கடவுச்சீட்டோடு ஒத்துவராது. மூலத்திலேயே பெயர் வேறாக இருந்தால் மொழிபெயர்ப்பில் அதைத் திருத்தக்கூடாது. வீட்டார் எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது. பிழையைப் பிழையாகவே மொழிபெயர்த்து, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி இணைப்பது ஒரு வழி. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஊடாகப் பதிவையே திருத்துவது மற்றது. பின்னது மெதுவானது, ஆனாலும் அவகாசம் இருந்தால் அதுவே மேல். போரில் பதிவேடுகள் அழிந்த ஊர்க்காரருக்கு, காலங்கடந்த பதிவில் கிடைத்த சான்றிதழின் திகதியும் விளக்கம் கேட்கும்.

உறவுச் சான்றில் அவுஸ்திரேலியா பணம், வீட்டு நடப்பு, ஊரார் அறிந்த நிலை, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள பற்றுறுதி என்று நான்கு பக்கமும் பார்க்கிறது. மற்ற நாடுகளும் ஏறத்தாழ இதையே வேறு சொற்களில் கேட்கின்றன. மண்டபத்து அல்பம் கனமானது. ஆனால் அது ஒரு நாளுக்கே சாட்சி. ஆங்கில எழுத்தில் தமிழ் கலந்து தட்டிய வட்ஸ்அப் செய்திகளுக்கு அதைவிட மதிப்பு அதிகம். சாப்பாடு, காய்ச்சல், வாடகை, மாமியின் கோபம் என்று மாதா மாதம் தொடர்வதே அவற்றின் பலம். சண்டை வந்த கிழமையைக் குடும்பத்தார் நீக்கச் சொல்வார்கள். நீக்காத கோப்பே நம்பும்படி இருக்கும்.

சேர்ந்து வாழ முடியாமற் போனவருக்கு வழியே இல்லை என்பது கொழும்பில் பலமாக வேரோடிய எண்ணம். அது தவறு. அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் மணமுறிவில் முடிந்தாலும், துன்புறுத்தல் நடந்தாலும், துணையின் கையொப்பமின்றி விண்ணப்பிக்கலாம். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தனி ஏற்பாடு உண்டு. மகள் அழுதுகொண்டு பேசிய நாட்களைப் பற்றிப் பெற்றோர் கொடுக்கும் சத்தியக்கடதாசி அங்கே சான்றாகச் சேரும். அதில் வக்கீல் நடை வேண்டாம். கேட்டதையும் கேட்ட நாளையும் எழுதினால் போதும்.

நிரந்தர வதிவிடம் கிடைப்பதால் இலங்கைப் பிரசாவுரிமை போகாது. குடியேறிய நாட்டின் பிரசையாகும்போதுதான் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் கேள்வி வருகிறது. அதற்கும், பின்னர் பெற்றோரை அழைக்கும் விண்ணப்பத்துக்கும் பழைய பிறப்புச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் மறுபடி தேவைப்படும் என்பதால், முதல் கோப்பின் முழுப் பிரதியொன்றைக் கொழும்பு வீட்டிலேயே வைத்திருப்பது வழக்கம்.