அத்தையின் கண்ணுக்குள் ஒரு பவளம்

2009ஆம் ஆண்டுத் தை மாதம், மேலூர்ப் பக்கத்துக் களமொன்றில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது அத்தையின் வலக்கண்ணில் உமி தெறித்தது. தாய்ப்பால் விட்டார்கள்; இலைச்சாறு பிழிந்தார்கள். நான்கு நாள் கழித்து மதுரைக்கு அழைத்துவந்தபோது கருவிழி முழுதும் பூஞ்சைப் புண். மதுரை மாவட்டத்தில் 1993இல் லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கருவிழிப் புண் கண்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. வயல் சூழ்ந்த ஊர்களில் இது அதிசயமன்று. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

புண் ஆறியபின், ஆனியில், வெறுங்குழிக்குள் சிறு உருண்டை ஒன்றை வைக்கலாம் என்றார் மருத்துவர். கண்ணசைக்கும் தசைகள் அதனோடு சேர்ந்தால் முன்னால் பொருத்தும் செயற்கை விழியும் ஓரளவு அசையுமாம். ஹைட்ராக்சிஅபடைட் என்னும் பீங்கான் வகை. நம் எலும்பின் கனிமமும் ஏறக்குறைய அதுவே. கடற்பவளத்தின் சுண்ணாம்பைப் பாஸ்பேட்டோடு சேர்த்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றி எடுத்தது. 1985இல் ஆர்தர் பெர்ரி என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிவைத்த முறை.

"கல்ல உள்ள வச்சா உடம்பு சும்மா இருக்குமாய்யா?" என்றாள் அத்தை. மருத்துவர் சிரித்தார். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. அந்நியப் பொருள் நுழைந்த கணமே இரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. விழுங்கும் செல்கள் வருகின்றன; விழுங்க முடியாதபோது ஒன்றோடொன்று இணைந்து பெருஞ்செல்களாகி மீண்டும் முயல்கின்றன. அதுவும் தோற்றால் நார்த்திசுவால் சுவரெழுப்பிச் சிறைவைத்துவிடுகிறது உடம்பு. வழவழப்பான அக்ரிலிக் உருண்டைக்கு நேர்வது அதுதான். (எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை 1969இல் ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் செய்துகாட்டும் வரை, உள்ளே வைக்கும் எப்பொருளுக்கும் இச்சிறையே கதி என்றுதான் பொதுவாக எண்ணியிருந்தார்கள்.)

பவள உருண்டையிலோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் துளைகள், ஒன்றுக்குள் ஒன்று திறந்தவை. சுவரெழுப்ப வந்த நார்த்திசு அவ்வழியே உட்புகுகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களும் கூடவே வளர்கின்றன. குருதி பாயும் இடத்துக்குக் கிருமியை எதிர்க்கும் செல்களும் போய்ச் சேரும். ஆனால் சொரசொரப்பான அந்த மேற்பரப்பு, தன்னை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை உரசி உரசித் தேய்த்துவிடலாம். உருண்டை வெளியே தெரிந்துவிட்டால் தொற்று, மறுபடியும் கத்தி. அந்தப் பயத்தோடுதான் மாதந்தோறும் மேலூரில் பேருந்தேறினோம்.

மாசியில், சாயம் செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் உருண்டையின் ஓரம் வெளுத்திருந்தது, நடுவே கருமை. இரத்தம் பாதி வழி போயிருக்கிறது என்றார் மருத்துவர். அத்தை படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, இடக்கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். பெரியாறு வாய்க்காலை நம்பி விதைத்தவள்.

"கடமடைக்கு இன்னும் தண்ணி வரல போல."

பங்குனியில் மறுபடி வரச்சொன்னார்கள்.