சக்கரம் முனகினால்

போன மாதம் திண்டிவனம் தாண்டியதும் காரில் ‘ங்ஙும்’ என்று ஒரு ரீங்காரம். பாட்டைச் சத்தமாக வைத்து மறைத்தேன். பின்சீட்டிலிருந்து அம்மா, “பாட்டை நிறுத்துடா, வண்டி என்னமோ சொல்லுது” என்றாள்.

நிறுத்தினேன். வேகம் கூடக்கூட ரீங்காரமும் கூடியது. காலி ரோட்டில் சில விநாடி நியூட்ரலில் உருளவிட்டேன், குறையவில்லை. அப்ப இன்ஜின் இல்லை. தார் ரோடு, சிமென்ட் ரோடு இரண்டிலும் அதே சுருதி. டயராகவும் இருக்காது. இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது முனகல் அதிகம்.

மெக்கானிக் ஜாக்கி போட்டு, முன்பக்க ஸ்பிரிங்கில் விரல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். கரகர. வலது வீல் பேரிங்.

“இப்படியே ஓட்டினா ஒருநாள் சக்கரமே கழண்டுக்கும் சார்.”

உங்கள் வண்டி முனகினால் முதலில் பாட்டை நிறுத்துங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: 78 வயது அம்மாவுக்கு ஒரு காது கேட்காது.