நிழல்மரங்கள்

கணித ஆசிரியர்களுக்கான மண்டல மாநாடு ஒன்றில் பங்குபெற, ஏற்காட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. இரண்டு நாள்கள் ஆய்வுரைகள் நிகழ்ந்தன. அவற்றுட் பல, பள்ளி ஆசிரியராகவே ஓய்வு பெற்ற நம் அறிவுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. உரையாற்ற வந்தோரை அறிமுகம் செய்தபோதெல்லாம், அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையே முதலில் சொல்லப்பட்டது. உணவு வேளையில் நம் அருகே அமர்ந்த இளம் பேராசிரியர் ஒருவர், "நாள்தோறும் வகுப்பெடுக்கிறேன், ஐயா. என் பெயரில் ஒரு கட்டுரையும் இல்லை. நானும் கணிதத்துக்கு ஏதோ செய்தவன் என்று சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனினும் அது வேடிக்கைக் கேள்வியன்று.

மாநாடு முடிந்த மறுநாள், நாம் முதுகலை பயின்ற இலயோலாக் கல்லூரியின் கணிதத் துறைக்குச் சென்றோம். இயேசு சபையினர் 1925-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய கல்லூரி அது. 1977-இல் நாம் அங்குச் சேர்ந்தபோது, அருட்தந்தை சார்லஸ் ரசீன் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. அவரை நாம் கண்டதில்லை; ஆனால் அவர் பெயரைக் கேளாமல் அத்துறையில் ஒரு பருவத்தைக் கழித்ததுமில்லை. பாதி அழிக்கப்பட்ட நிறுவல் ஒன்று கரும்பலகையில் எஞ்சியிருந்த வகுப்பறையில் சற்றுநேரம் தனித்திருந்தோம். முந்தைய நாள் கேட்ட கேள்வியும் அத்தந்தையின் வாழ்வும் நம் நெஞ்சில் ஒன்றையொன்று சந்தித்தன.

ரசீன் அடிகளார் 1897-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். புகழ்மிக்க கணித மேதை எலி கார்த்தானிடம் பயின்று, சார்பியல் கோட்பாட்டில் பல பொருள்களின் இயக்கம் பற்றி ஆய்ந்து, 1934-இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆன்றி கார்த்தான், ஆந்த்ரே வெய் போன்று அந்நாளில் கணிதத்தையே புதுக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் அவருக்கு நண்பர்கள். பாரிசிலேயே இருந்திருப்பின் அவ்வட்டத்தில் அவருக்கும் ஓரிடம் வாய்த்திருக்கக் கூடும். அவரோ 1937-இல் மறைப்பணியாளராக இந்தியாவுக்கு வந்தார். முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், பின்னர் இலயோலாவிலும் மாணவர்க்குக் கணிதம் கற்பித்தார்.

அன்றைய சென்னையின் கணிதப் பாடத்திட்டம் பெரிதும் கேம்பிரிட்ஜின் பழைய வழியைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்ப்பதே திறமை எனக் கருதப்பட்டது. அடிகளார் ஆர்வமுள்ள மாணவர்களைப் புதிய இயற்கணிதத்தின் பக்கமும் இடவியலின் பக்கமும் திருப்பினார். புதிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். அவர்கள் தேறியபின் தம்மிடமே இருத்திக்கொள்ளாமல், பம்பாயில் வளர்ந்துவந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் செல்லுமாறு ஊக்கினார். வடஆற்காட்டுத் தண்டரைச் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியும் 1953-இல் அவ்வாறு சென்றனர். இளவயதிலேயே மறைந்த சி. பி. இராமானுஜம் 1957-இல் சென்றார்.

நரசிம்மனும் சேஷாத்திரியும் இணைந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வளைந்த பரப்புகளைப் பற்றிய வடிவியலும் சமச்சீர்மையைப் பற்றிய இயற்கணிதமும் ஒன்றையொன்று அறியாத இரு நாடுகள் போல் இருந்தன. அவற்றுக்கிடையே பாலம் அமைத்தது அத்தேற்றம். பின்னாளில் இயற்பியலாரும் அப்பாலத்தில் நடந்தனர். சேஷாத்திரி 1989-இல் சென்னையில் தொடங்கிய கணித நிறுவனம் இன்றும் இளைஞர்களை உருவாக்கி வருகிறது. அவர் 2020-இலும், நரசிம்மன் 2021-இலும் மறைந்தனர்.

இங்கே கத்தோலிக்கர்களாகிய நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. கடல் கடந்து வந்த குருவானவர் தம் ஆண்டுகளைக் கரும்பலகையின் முன் செலவிட்டார். புகழ்பெற்ற அவருடைய மாணவர்கள் அவர்தம் சமயத்தைத் தழுவியவர்களல்லர். அவர் பெயரைத் தாங்கிய பெருந்தேற்றம் எதுவும் கணித நூல்களில் இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டாலும் அளக்க முடியாது. ஆய்வுப் பட்டியலாலும் அளக்க முடியாது. அப்படியாயின் இது எவ்வகை மறைப்பணி?

ஏற்காட்டில் வாழ்பவர்க்கு இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். காப்பிச் செடி கடும் வெயிலைத் தாங்காது. எனவே நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்களை நடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. அம்மரத்தின் கனியை நாடி எவரும் தோட்டத்துக்கு வருவதில்லை. அறுவடை நாளில் எல்லார் கண்ணும் செடியின் மேல்தான். ஆயினும் அது நின்றிராவிடில் செடி வாடியிருக்கும் என்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். மற்றொன்றையும் அவர்கள் அறிவர். நிழல் அளவுக்கு மிஞ்சினால் செடி பூக்காது. ஆகவே உரிய காலத்தில் கிளைகளைக் கவாத்துச் செய்து வெளிச்சத்துக்கு வழிவிடுவார்கள். காப்பதும் நிழல்மரத்தின் கடமை. விலகிக்கொடுப்பதும் அதன் கடமை.

திருமுழுக்கு யோவான் தம் சீடர் இருவருக்கு ஆண்டவரைச் சுட்டிக்காட்டியபோது, அவர்கள் தம்மை விட்டகன்று அவரைப் பின்தொடர்ந்தனர். அதை அவர் இழப்பெனக் கொள்ளவில்லை. தம்மினும் மேலான ஒன்றை நோக்கி மாணவனைத் திருப்பி அனுப்பிவிட்டு மகிழ்ந்திருக்கும் ஆசிரியர், தாம் அறிந்தோ அறியாமலோ அந்நற்செய்தியை வாழ்கிறார். ரசீன் அடிகளாரின் மறைப்பணி இதுவே என்பது நம் துணிபு. அந்த இளம் பேராசிரியருக்கும் நாம் இதனையே கடிதமாக எழுதினோம்.

நம் மறைமாவட்டத்தின் பள்ளிகளில் எண்ணற்ற ஆசிரியர்கள் உழைக்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைக்கும் பின்னத்தையும் விகிதத்தையும் பொறுமையோடு விளக்குகின்றனர். தேர்ச்சி விழுக்காடு வரும் நாளில் மட்டும் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், கணிதம் கற்பித்தவரின் பெயரைக் கேளுங்கள். பங்குப் பெருவிழாவில் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கும்போது, அவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். செடியைப் பாராட்டும் கண்கள், சற்றே உயர்ந்து மரத்தையும் காணட்டும்.