வெட்டி யோசனையும் ஒரு வேலைதான்

வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி யோசிப்பவரை நம் ஊரில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. "வெட்டியா உக்காந்து அப்படி என்னதாங்க யோசனை?" என்று வீட்டில் கேட்பார்கள். "தத்துவம் பேச ஆரம்பிச்சுட்டாரு" என்று நண்பர்கள் எழுந்துகொள்வார்கள். எனக்கு இந்தப் பழக்கம் இளம் வயதிலேயே வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் மொட்டைமாடியில் உட்கார்ந்து, எதற்காக வாழ்கிறோம் என்று யோசித்துப் பார்க்காத மாலைகள் குறைவு. இத்தனை காலம் கழித்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இது வீண்பொழுது அல்ல, ஒரு வேலை. எல்லா வேலையையும் போல இதற்கும் முறை உண்டு. முறை தவறினால் மனம் கசந்துவிடும். முறையோடு செய்தால் மறுநாளைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் தெளியும்.

முதலில் நேரம். வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளை நள்ளிரவில் எடுக்கக் கூடாது. களைத்த மனத்துக்கு எல்லாமே வீண் என்றுதான் தோன்றும். அந்தத் தீர்ப்பைச் சொல்வது அறிவு அல்ல, தூக்கமின்மை. எனக்கு ஏற்றது வெயில் தாழ்ந்த பிறகு, விளக்கு வைப்பதற்கு முன் உள்ள அரைமணி. கைபேசி கீழே வீட்டுக்குள் இருக்கும். கையில் புத்தகமும் கிடையாது. முதல் சில நிமிடங்கள் மனம் கடன், மருந்து, மகளின் கல்லூரிக் கட்டணம் என்று அலையும். அதை விரட்டுவதில்லை. அவை எல்லாம் வந்து போன பிறகுதான் பெரிய கேள்வி வரும்.

வந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், அதை முறத்தில் இட்டுப் புடைப்பதுபோலப் புடைத்துப் பார்ப்பது. "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்பது ஒரே கேள்வி அல்ல. இந்த உலகம் ஏன் இருக்கிறது என்பது ஒன்று. நான் எதை நோக்கி வாழவேண்டும் என்பது இன்னொன்று. எல்லாரும் சாகப்போகிறோம் என்றால் செய்வது எதற்கும் மதிப்பு உண்டா என்பது மூன்றாவது. நான்காவது ஒன்று, இந்த மூன்றின் வேடத்திலும் வரும்: எனக்கு இப்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது என்பது. இந்த நான்காவதற்குத் தத்துவத்தில் பதில் தேடக் கூடாது. அதற்குத் தூக்கம் வேண்டும், மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும், வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவர் வேண்டும். பெரும்பாலான மாலைகளில் எந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று அடையாளம் கண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுபோகும் என்பதற்கு டால்ஸ்டாய் சாட்சி. 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' இரண்டையும் எழுதி முடித்து, நிலமும் குடும்பமும் புகழும் நிறைந்திருந்த ஐம்பது வயதில், உயிரை விட்டுவிடுவோமோ என்று தன்னைக் கண்டே அவர் அஞ்சினார். அந்தக் காலத்தைப் பற்றி அவரே ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அதில் அவரைத் துரத்துவது "சரி, அப்புறம்?" என்னும் கேள்வி. சமாரா பகுதியில் பண்ணை நிலம் பெருகும்; சரி, அப்புறம்? புஷ்கினையும் ஷேக்ஸ்பியரையும் மிஞ்சிய புகழ் வரும், சரி, அப்புறம்? கடைசியில் அவர் படித்தவர்களை விட்டுவிட்டு, உழைத்து வாழும் குடியானவர்கள் எந்த நம்பிக்கையில் வாழ்கிறார்கள் என்று பார்க்கப் போனார்.

டால்ஸ்டாயின் வேதனை முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் "அப்புறம்?" என்ற கேள்வியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அதைக் கையில் எடுக்கக் கூடாது. எந்தப் பதிலைச் சொன்னாலும் அதன்மேல் இன்னொரு "அப்புறம்?" போட முடியும். சொர்க்கம் கிடைக்கும் என்றாலும் போடலாம். இதை நன்றாகக் கண்டு சொன்னவர் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர். வாழ்வின் அபத்தத்தைப் பற்றி 1971இல் அவர் எழுதிய கட்டுரை சில பக்கங்கள்தான். தலைவலிக்கு மாத்திரை போடுவதற்கும், சூடான அடுப்பில் கை வைக்கப்போகும் குழந்தையைத் தடுப்பதற்கும் அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை என்கிறார். காரணங்களின் சங்கிலி வாழ்வுக்குள்ளேயே பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பத்து லட்சம் ஆண்டு கழித்து நாம் செய்தது எதுவும் பொருட்டாக இராது என்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. அப்படியானால், அப்போது பொருட்டாக இராது என்பதும் இப்போது பொருட்டாக வேண்டியதில்லையே. எழுபது ஆண்டு வாழ்வு அபத்தம் என்றால், அதையே முடிவில்லாமல் நீட்டினால் அபத்தமும் முடிவில்லாமல் நீளுமே தவிரக் குறையாது. மரணத்தை நினைத்து மனம் கலங்கும்போதெல்லாம் இந்த வாதத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். துக்கத்தை அது போக்காது. ஆனால் துக்கத்தின்மேல் நாமே ஏற்றிவைத்த தவறான கணக்கை இறக்கிவிடும்.

அடுத்த முறை, கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குவது. இதை எனக்குக் கற்றுத்தந்தது புறநானூறு. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்த அந்தத் தொகையில் 192ஆம் பாட்டைத் தமிழர் எல்லாரும் அறிவார்கள். அதற்கு இரண்டு பாட்டுத் தள்ளி, 194இல், பக்குடுக்கை நன்கணியார் பாடிய சில அடிகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி கணவனோடு கூடிப் பூச்சூடியிருக்கிறாள், பிரிந்த ஒருத்தி அழுகிறாள். இப்படி வகுத்தவன் நல்லவன் அல்லன் என்று புலவர் அச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். உலகம் கொடியது என்றும் சொல்கிறார். அதன் இயல்பை அறிந்தவர்கள் அதற்குள் இனியதைத் தேடிக் காணட்டும் என்று முடிக்கிறார். நான் வியப்பது அவருடைய நேர்மையை. சாவு வீட்டை மறைத்துவிட்டு அவர் ஆறுதல் சொல்லவில்லை. மணவீட்டை மறைத்துவிட்டு விரக்தியும் பேசவில்லை. இரண்டு ஓசையையும் ஒன்றாகக் கேட்ட பிறகே முடிவுக்கு வருகிறார். எனக்கு ஒரு எண்ணம் மிக அழகாகத் தோன்றினால் இந்த இரண்டு வீட்டு வாசலிலும் அதைச் சொல்லிப் பார்ப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத தத்துவத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

யோசித்ததை எழுதவும் வேண்டும், ஆனால் சுருக்கமாக. இதில் எனக்கு ஆசான் மார்க்கஸ் அரேலியஸ். ரோமப் பேரரசர், கி.பி. 180இல் இறந்தவர். தன்யூப் நதிக்கரையில் போர்ப் பாசறைகளில் இருந்த ஆண்டுகளில், தமக்குத் தாமே கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதிக்கொண்டார். இன்று அவை பன்னிரண்டு பகுதிகளாகக் கிடைக்கின்றன. படிப்பவருக்கு முதலில் படுவது, அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது. காலையில் எழ மனமில்லாததைப் பற்றி, கோபத்தைப் பற்றி, சாவைப் பற்றி, எத்தனை முறை! பழகியவர்களுக்கு அதன் காரணம் புரியும். தெரிந்த உண்மை மனத்தில் தங்குவதில்லை, தினமும் புதிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நீ" என்று தன்னையே விளித்து எழுதுவதும் பெரிய உதவி. "மனிதர்கள் பேராசைக்காரர்கள்" என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. "நேற்று நீ தம்பியிடம் எதற்குக் கணக்குப் பார்த்தாய்?" என்று எழுதினால் எங்கே தொடவேண்டுமோ அங்கே தொடும்.

எவ்வளவு முயன்றும் கேள்வி நகராமல் நிற்கும் நாட்கள் உண்டு. அப்போது அதைத் திருப்பிப் பிடிக்கவேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமாக அதைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். 1902 வாக்கில், திருவண்ணாமலைக் குகையில் பேசாமல் இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். ரமணர் எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற நூல் அந்த விடைகளிலிருந்து உருவானது. கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், கேட்பவன் யார் என்று பார் என்பது அவர் காட்டிய திசை. வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் வேறு திசையைக் காட்டினார். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி முகாம்களில் அடைபட்டு, பெற்றோரையும் மனைவியையும் இழந்து மீண்டவர் அவர். வாழ்க்கையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை விட்டுவிட்டு, வாழ்க்கை நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்கவேண்டும் என்று 1946இல் வெளிவந்த நூலில் எழுதினார். வாழ்வில் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற முகாம்வாசிகள் இருவரை அதில் குறிப்பிடுகிறார். ஒருவருக்கு அயல்நாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவர் அறிவியலாளர், அவர் மட்டுமே எழுதி முடிக்கக்கூடிய நூல்கள் காத்திருந்தன.

உள்ளே பார்க்கச் சொன்னவரும் வெளியே பார்க்கச் சொன்னவரும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குப் படவில்லை. பெருமையால் உளையும் மாலையில் எனக்கு ரமணர் வேண்டும். வெறுமையால் உளையும் மாலையில் ஃபிராங்கல் வேண்டும். எந்த நாளில் யாரிடம் போகவேண்டும் என்று தெரிவதுதான் பழக்கத்தால் வரும் தேர்ச்சி.

எழுந்திருக்கும்போது ஒரு காரியத்தை முடிவு செய்துகொண்டு எழுவேன். மறுநாள் செய்யக்கூடியதாக, சிறியதாக இருக்கும். மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் போய்ப் பார்ப்பது. வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையைப் பொறுமையாகச் சொல்லித்தருவது. வாழ்வுக்கு ஒட்டுமொத்தமாக ஒரு விடை எனக்குக் கிடைத்துவிடவில்லை. கிடைக்கவேண்டும் என்ற தவிப்பும் இப்போது இல்லை. நாளை யாருக்கு நான் தேவை என்ற கேள்விக்கு மட்டும் அநேகமாக எல்லா மாலையும் விடை கிடைக்கிறது. அந்த விடைகளைச் செய்து முடித்த நாட்கள் வீணாகவில்லை என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டில் யாராவது மாலையில் தனியே உட்கார்ந்திருந்தால், குறிப்பாக அது ஒரு இளம்பிள்ளையாக இருந்தால், வெட்டியாக இருக்கிறாய் என்று எழுப்பாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன யோசிக்கிறாய் என்று கேளுங்கள். பதில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முழுக்கக் கேளுங்கள்.